ஆகஸ்ட் மாதம் எந்த ஊர்?

குழு: நம் வீடு

நான்: மருத்துவப் படிப்பின் நான்காம் ஆண்டில் அனஸ்தீசியாவுக்கு (மயக்க மருந்துத் துறை) ஒரு அவே ரொட்டேஷன் போக வேண்டும். பாஸ்டனா, பிட்ஸ்பர்க்கா என்று முடிவு செய்ய முடியவில்லை. சித்தப்பா, நீங்கள் அந்தத் துறை டாக்டர், நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

அத்தை: அதென்ன பாப்பா? உங்கள் கல்லூரிக்கே மருத்துவமனை இருக்கிறதே?

நான்: இருக்கிறது அத்தை. ஆனால் அங்கே அனஸ்தீசியா ரெசிடென்சி, அதாவது படிப்பு முடித்த டாக்டர்களுக்கான துறைப் பயிற்சி, கிடையாது. அதனால் வெளியூர் மருத்துவமனையில் 4 வாரம் வேலை செய்ய வேண்டும். அவர்கள் என்னை எடை போடுவார்கள், நானும் அந்த இடம் எப்படி என்று பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை: அப்படியென்றால் பாஸ்டனுக்கே போ. பெரிய பெயர்.

நான்: எனக்கும் ஆசைதான். 1846 அக்டோபர் 16 அன்று மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் மயக்க மருந்து கொடுக்க, டாக்டர் வாரன் வலியில்லாமல் கழுத்துக் கட்டியை அறுத்த அரங்கம் அங்குள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் இன்றும் இருக்கிறது.

சித்தப்பா: இப்போதுதான் கேஸ் முடிந்தது. அரங்கத்தை ஒரு விடுமுறையில் போய்ப் பார்க்கலாம் பாப்பா. நான் முதலில் கேட்பது இதைத்தான்: அங்கே உன்னை ஒரே டாக்டரோடு தொடர்ந்து சில நாள் போடுவார்களா? தினம் ஓர் ஆள் என்றால் உன் பெயர்கூட யாருக்கும் நினைவில் நிற்காது. அப்புறம் ரெசிடென்சிக்குப் பரிந்துரை லெட்டர் யார் எழுதுவார்?

அம்மா: லெட்டர் அவ்வளவு முக்கியமா தம்பி?

சித்தப்பா: ஆமாம் அண்ணி. 2022 முதல் ஸ்டெப் 1 என்ற மருத்துவ உரிமத் தேர்வில் மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். கூட நின்று வேலை பார்த்தவர் எழுதுவதற்கு அதனால் மதிப்பு கூடிவிட்டது. சொந்தக் கல்லூரியில் ரெசிடென்சி இருக்கும் பிள்ளைகள் வெளியே போகாவிட்டாலும் சமாளித்துவிடுவார்கள். இவள் போய்த்தான் ஆக வேண்டும்.

நான்: என் அட்டவணைப்படி ஆகஸ்ட் என்றால் பிட்ஸ்பர்க், செப்டம்பர் என்றால் பாஸ்டன். இரண்டுக்கும் கையில் பணம் இல்லை.

சித்தப்பா: அப்போது ஆகஸ்ட்தான். செப்டம்பர் கடைசியில் ஈராஸ் என்ற இணைய வழியில் அனுப்பும் விண்ணப்பங்கள் ரெசிடென்சி அலுவலகங்களுக்குத் திறந்துவிடும். செப்டம்பர் முழுக்க வேலை செய்தால் லெட்டர் அதற்குள் வந்து சேராது.

அண்ணா: பிட்ஸ்பர்க் என்றால் எங்கள் வீட்டு மாடி அறை இருக்கிறது. பென் ஹில்ஸ், பெருமாள் கோவில் பக்கம். 4 வாரத்துக்கு வாடகை கொடுத்துத் தங்குவதெல்லாம் வேண்டாம். காலையில் காரை எடுத்துக்கொண்டு போ.

அம்மா: நல்லதாகப் போயிற்று. சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

அத்தை: இருந்தாலும் பாஸ்டன் பாஸ்டன்தானே?

சித்தப்பா: பிட்ஸ்பர்க் எந்த விதத்திலும் குறைந்த இடம் இல்லை அக்கா. மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதினால் பிழைக்க வைக்கலாம் என்று மெய்ப்பித்தவர்களில் ஒருவரான பீட்டர் சஃபார், 1961-ல் அங்கே அனஸ்தீசியா துறைக்குத் தலைவராக வந்தார். 1967-ல் அதே ஊரில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபோது ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். எங்கள் வேலை ஆபரேஷன் அறையோடு முடிவதில்லை என்று எனக்குப் புரிய வைத்தது அவர் கதைதான்.

நான்: இது எனக்குத் தெரியாது சித்தப்பா. அங்கே கார்டியாக் கேட்கலாமா?

சித்தப்பா: வேண்டாம். இதய ஆபரேஷனில் நாள் முழுக்க ஒரே கேஸ், உனக்குப் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் வேலைதான். சாதாரண அறுவை அறைகளைக் கேள். ஒரே நாளில் பல நோயாளிகள் வருவார்கள், ஐவி (நரம்பில் ஊசிக்குழாய்) போடவும் மாஸ்க் பிடிக்கவும் கை பழகும். எல்லோரும் மூச்சுக்குழாயில் டியூப் போடத்தான் துடிப்பார்கள். டியூப் இறங்காத நேரத்தில் மாஸ்க்கில் காற்று கொடுக்கத் தெரிந்தால்தான் நோயாளி தாக்குப்பிடிப்பார். அதை முதலில் கற்றுக்கொள்.

காலையில் ரெசிடென்டுக்கு முன்னால் போய் மயக்க மருந்து மெஷினையும் சளி உறிஞ்சும் சக்ஷனையும் சரிபார்க்கக் கூட நில். மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. வகுப்பு நேரத்தில் அறையிலிருந்து விடுவிக்கிறார்களா, இரவுப் பணி எப்படி என்று அவர்களிடமே கேள். இணையதளத்தில் அதெல்லாம் இருக்காது.

நான்: சரி சித்தப்பா. பிட்ஸ்பர்க்குக்கே போடுகிறேன். அம்மா, என் தடுப்பூசிச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

அம்மா: ஹெபடைட்டிஸ் பி சீட்டு அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. இரவு அனுப்புகிறேன்.

சித்தப்பா: விண்ணப்பத்தோடு நிறுத்தாதே. அங்கே மாணவர்களுக்கு அட்டவணை போடுபவருக்கு ஒரு மெயில் அனுப்பி, ஒரே டாக்டரோடு போட முடியுமா என்று கேள். என்ன பதில் வருகிறது என்று இங்கே போடு.