நாமினி கொழுந்தனார், வாரிசு மனைவி: நாங்கள் பட்டவை

அக்காவுக்காக அலைந்த தம்பி:
அத்தான் இறந்து காரியம் முடிந்ததும் அக்காவை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். வைப்புத்தொகைக்கு நாமினி, அதாவது வைப்பாளர் இறந்தால் பணத்தை வாங்கிக்கொள்ளப் பதிவு செய்த ஆள், அத்தானின் அண்ணன். கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொடுத்த பெயர். ஒவ்வொரு முறை புதுப்பித்தபோதும் அதுவே தொடர்ந்திருக்கிறது. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் காட்டினோம். அதில் அக்கா, அவள் மகள், அத்தானின் அம்மா மூவரும் இருந்தார்கள். மேலாளர் அசையவில்லை. பணம் நாமினிக்கே போய்விட்டது. "இத்தனை வருடம் குடும்பம் நடத்திய எனக்கு ஒன்றுமே இல்லையா?" என்று அக்கா கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

வக்கீல்தான் தெளியவைத்தார். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 45-இசட்-ஏ பிரிவின்படி, நாமினியிடம் கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. ஆனால் வாங்கியவருக்கு அந்தப் பணம் சொந்தமாகாது. வாரிசுகளுக்குச் சேர வேண்டியதை வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்கள் இருக்கையில் அண்ணனுக்குப் பங்கே கிடையாது.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, பெரியவர்கள் முன்னிலையில் பணம் மூன்று சம பங்காகப் பிரிந்தது. மாமியாருக்கு எதற்கு என்று எங்கள் பக்கத்திலேயே சிலர் கேட்டார்கள். மகனைப் பறிகொடுத்த தாய்க்குச் சட்டமே கொடுக்கும் பங்கை மறுக்க நாம் யார்?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
உங்கள் அக்காவைப் போல அழுதபடி வந்த பெண்கள் பலரை கவுண்டரில் பார்த்திருக்கிறேன். வெறும் ஆட்சேபக் கடிதத்தை வைத்து நாமினிக்குப் பணம் போவதை வங்கி நிறுத்த முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆகவே தகராறு வரும் என்று தெரிந்தால் உடனே வக்கீலைப் பாருங்கள். பணம் செலவழிந்த பின் வழக்கில் வென்றாலும் வசூலிப்பது கடினம். கணவன் மனைவி கூட்டுக் கணக்கில், உயிருடன் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தால், ஒருவர் போனதும் மற்றவரிடம்தான் வங்கி பணத்தைக் கொடுக்கும். அப்போது நாமினிக்கு வேலையே இல்லை.

கணவரை இழந்த ஒரு சகோதரி:
வருங்கால வைப்பு நிதியில் விதி வேறு. என் கணவர் வேலைக்குச் சேர்ந்தபோது தம் தம்பியை நாமினியாகப் போட்டிருந்தார். அதைக் காட்டி, எனக்கு எதுவும் வராது என்று கணவர் வேலை பார்த்த அலுவலகத்தில் கைவிரித்துவிட்டார்கள். பல நாள் அதை நம்பிக்கொண்டு முடங்கிக் கிடந்தேன். திருமணத்துக்கு முன் கொடுத்த நாமினி நியமனம் திருமணமானதும் செல்லாது என்று 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 61ஆம் பத்தியே சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் என் கோரிக்கையை ஏற்றார்கள். யாராவது வாய்மொழியாக இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள்.