நூலக பாட்காஸ்ட்: வலையொலியா, ஒலியோடையா?

அன்புடையீர்,

பாட்காஸ்டுக்குத் தமிழ்ப் பெயர் தேடி வந்த கேள்வி இது:

> ஆய்வு வளங்களை வாசகருக்கு அறிமுகம் செய்யும் நூலக நிகழ்ச்சி. வானொலி பாணியில் இணையத்தில் வருகிறது. 'வலைவானொலி' எனலாமா?

வேண்டாம் என்பேன். வானொலி என்றாலே, ஒலிபரப்பும் நேரத்தில் காது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும். பாட்காஸ்ட் அப்படியல்ல. ஒலிக்கோப்பு சேமிப்பில் இருக்கிறது. புதிது ஏறியதும் ஆர்எஸ்எஸ் (புதிதாக வந்ததைத் தெரிவிக்கும் இணைய முறை) வழியாகக் கேட்பவரின் செயலிக்குத் தானே வந்து சேர்கிறது. ஆய்வுகள் மேற்கோள் காட்டப்படுவதைக் கணக்கிடும் மேற்கோள் சுட்டெண் பற்றிய பேச்சை ஒரு மாணவர் ஆய்வேடு எழுதும்போதுதான் தேடுவார். பாதியில் நிறுத்துவார், தரவுத்தளத்தில் தட்டிப் பார்ப்பார், மறுபடி கேட்பார். 'வானொலி' என்ற பெயர் இந்த வசதியை மறைத்துவிடும்.

ஆங்கிலச் சொல் ஒன்றும் ஆற அமர யோசித்து ஆக்கியதல்ல. 2004 பிப்ரவரியில் கார்டியன் இதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் போகிறபோக்கில் வந்தது. அதிலுள்ள 'பாட்', ஆப்பிளின் ஐபாட் என்ற பாட்டுக் கருவியிலிருந்து வந்தது; அதன் தயாரிப்பே 2022-இல் நின்று போனது. ஆகவே அந்த 'பாட்'டைத் தமிழில் கொண்டுவர நாம் மெனக்கெட வேண்டியதில்லை.

'வலையொலி' ஏற்கெனவே புழங்குகிறது; வலைத்தளம், வலைப்பூ என்ற வரிசையில் அழகாக உட்காரும். எழுத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இது ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி வரவேற்கும் பெயர். லகரமும் ளகரமும் கொஞ்சம் குழைந்தால் 'வளையொலி'. நூலகர் கை வளையல் குலுங்கும்!

என் ஓட்டு 'ஒலியோடை'க்கு. ஆர்எஸ்எஸ்ஸுக்குச் 'செய்தியோடை' என்று முன்பே சொல்லி வருகிறோம். அதே ஓடையில் செய்திக்குப் பதில் ஒலி வருகிறது, அவ்வளவுதான். ஸ்ட்ரீமிங்கையும் ஓடை என்கிறார்களே என்று கேட்பீர்கள். அது நியாயமான தடைதான். ஸ்ட்ரீமிங்குக்குத் 'தாரை' என்று பிரித்துக்கொள்ளலாம்.

நூலகத்துக்கு இதைவிட அவசரமான சொல் வேறொன்று: ஷோ நோட்ஸ், அதாவது நிகழ்ச்சியோடு எழுத்தில் வரும் குறிப்பு. ஓர் ஆய்விதழ்க் கட்டுரையின் டிஓஐ எண்ணை (இணையத்தில் அதன் நிலையான அடையாள எண்) ஒலியில் சொல்லிப் பாருங்கள். "பத்து, புள்ளி" என்று தொடங்கி, சாய்கோடு தாண்டி, எழுத்தும் எண்ணுமாக நீளும். யாராலும் குறித்துக்கொள்ள முடியாது. இணைப்புகளும் தேடுசொற்களும் எழுத்தில் கூடவே வரவேண்டும். 'உடன்குறிப்பு' என்று வைக்கலாமா? "இணைப்பு உடன்குறிப்பில் உள்ளது" என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடுக்கவில்லை.

சப்ஸ்கிரைபுக்குச் 'சந்தா' மட்டும் கூடவே கூடாது. சந்தா கட்டிய தரவுத்தளம் எது, கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் எது என்று விளக்குவதே இந்த நிகழ்ச்சியின் பாதி வேலை. அதே மூச்சில் "எங்களுக்குச் சந்தா செலுத்துங்கள்" என்றால் கேட்பவர் பணப்பையைத் தேடுவார். 'பின்தொடருங்கள்' போதும்.

எபிசோடுக்கு இப்போதைக்கு 'பகுதி' என்றே எழுதுகிறேன். "மூன்றாம் பகுதியின் இரண்டாம் பகுதி" என்று ஒருநாள் சொல்ல நேரும். அதற்குள் யாராவது நல்ல சொல் தாருங்கள்.