பாங்காக்ல ஒரே ஒரு நாள், ராத்திரி சியாங் மாய் ட்ரெயின் – எதைப் பாக்கறது, எதை விடறது?

திருச்சிப்பொண்ணு

வணக்கம் மக்களே. காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், எல்லாரும் பொண்ணுங்க, ஜனவரில தாய்லாந்து போறோம். ஆளுக்கு ஒரு பேக் தான், செக்-இன் லக்கேஜே கிடையாது. நாலு பேருக்கும் இதான் முதல் வெளிநாடு. பாங்காக்ல எங்களுக்கு கிடைக்கறது ஒரு முழு நாள், அன்னிக்கு ராத்திரி எட்டு மணி வாக்குல சியாங் மாய்க்கு ஸ்லீப்பர்.

இப்ப பிரச்சனை என்னன்னா ஒருத்தி போட்ட லிஸ்ட்ல அரண்மனை, வாட் போ, வாட் அருண் (வாட்னா கோயில்), கோல்டன் மவுண்ட், சைனாடவுன், சதுசக் மார்க்கெட், மிதக்கும் சந்தை, சியாம் மால்னு எட்டு இடம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் முக்கால் மணி நேரம்னு எக்செல்ல போட்டு வெச்சிருக்கா. இன்னொருத்திக்கு போன வருஷம் முட்டில லிகமென்ட் அடி, நடப்பா ஆனா ரொம்ப நேரம் நிக்க முடியாது. ஒருத்தி சுத்த சைவம். எனக்கு எல்லாரும் சண்டை போடாம ஒரு நாள் நல்லா இருக்கணும், அவ்ளோதான். தங்கறது காவ் சான் ரோடு பக்கம்னு யோசிச்சிருக்கோம், இன்னும் புக் பண்ணலை. போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஊர்சுத்தி

தங்கச்சி, முதல்ல அந்த எக்செலை மூடி வைங்க. மிதக்கும் சந்தைனு நீங்க போட்டோல பாத்தது பெரும்பாலும் தம்னோன் சதுவாக் தான், அது ஊருக்கு வெளியே நூறு கிலோமீட்டர், அதுக்கே அரை நாள் போயிடும். சதுசக் சனி ஞாயிறு தான் முழுசா இருக்கும். மால் நம்மூர்லயே இருக்கு. மிச்சம் இருக்கறதுல அரண்மனை, வாட் போ, வாட் அருண் மூணும் ஆத்தை ஒட்டி பக்கத்து பக்கத்துல இருக்கு, அதை மட்டும் வெச்சுக்கிட்டா முட்டி வலி இருக்கறவங்களுக்கும் சரி வரும்.

நாங்க நாலு பேர் போனப்போ பண்ணினதை சொல்றேன். அரண்மனை காலைல 8:30க்கு திறக்கறாங்க, எட்டேகாலுக்கே வாசல்ல நின்னுடுங்க, ஏன்னா பத்து மணிக்கு மேல டூர் பஸ் கூட்டம் வந்துச்சுன்னா மரகத புத்தர் கோயில்ல நிக்க எடம் இருக்காது. டிக்கெட் 500 பாட். ஸ்லீவ்லெஸ், ஷார்ட்ஸ், கிழிஞ்ச ஜீன்ஸ் எதுவும் விட மாட்டாங்க, நீங்க சுடிதார் போட்டுட்டு போனா ஒரு கவலையும் இல்ல. உள்ள நிழல் ரொம்ப கம்மி, ஜனவரினாலும் பதினோரு மணி வெயில் மண்டையைப் பிளக்கும். முட்டி வலிக்கிற தோழியை அதே வளாகத்துல இருக்கற சிரிகிட் ராணி துணி மியூசியத்துல உக்கார வைங்க, அதே டிக்கெட் தான், ஏசி, ராணி கட்டின பட்டெல்லாம் பாக்கலாம்.

மரகத புத்தர்னு பேரு, ஆனா கல்லு பச்சை ஜேட்னு சொல்றாங்க. 66 சென்டிமீட்டர் தான் உயரம், அவ்ளோ உசரத்துல வெச்சிருக்காங்க அதனால இன்னும் சின்னதா தெரியும். வருஷத்துக்கு மூணு தடவை, வெயில் மழை குளிர்னு பருவம் மாறும்போது ராஜாவே வந்து அலங்காரம் மாத்துவார். உள்ள போட்டோ எடுக்கக் கூடாது, கால் நீட்டினா புத்தர் பக்கம் நீட்டக் கூடாது, மடிச்சு உக்காருங்க. அந்த கோயிலைச் சுத்தி இருக்கற பிரகாரத்தை மட்டும் அவசரப்படாம பாருங்க, 178 ஓவியம், முழுக்க ராமாயணம், அவங்க ராமகியென்னு சொல்றாங்க. தங்க ரேக்கு ஒட்டின கோபுரம், வெள்ளை அனுமார், வாசல்ல ஆளை முழுங்கற சைஸ்ல நிக்கிற பச்சை யட்சன் தான் தோட்சகான், அதாவது தசகண்டன், நம்ம ராவணன். எங்க பாட்டி சொன்ன கதையை வேற ஊர்க்காரன் செவுத்துல பாத்தப்போ எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு, ஒரு மணி நேரம் அங்கயே நின்னுட்டேன்.

அப்பறம் நடந்து வாட் போ, 300 பாட். படுத்திருக்கற புத்தர் 46 மீட்டர். எல்லாரும் தலைப்பக்கம் நின்னு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடறாங்க, நீங்க பாதத்துப் பக்கம் போங்க, சிப்பி பதிச்சு 108 மங்கலச் சின்னம் பண்ணியிருக்காங்க. முதுகுப் பக்கம் வரிசையா 108 வெண்கலக் கிண்ணம், சில்லறை வாங்கி ஒண்ணொண்ணுல ஒரு காசு போட்டுக்கிட்டே நடக்கணும், மண்டபம் பூரா டிங் டிங்னு அந்த சத்தம் தான். வெளில தாய் மசாஜ் சொல்லிக் குடுக்கற பழைய பள்ளி இருக்கு, முட்டி வலிக்கு அங்க கால் மட்டும் அமுக்கிக்கலாம், ஆனா லிகமென்ட் அடி பட்ட விஷயத்தை முதல்லயே சொல்லிடுங்க.

தா தியென் படித்துறைல அஞ்சு பாட் குடுத்தா படகுல அக்கரை, இறங்கின எடம் வாட் அருண்.

கம்பத்துக்காரன்

ஊர்சுத்தி அண்ணா சொன்னது அத்தனையும் சரி, ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். அரண்மனைக்கு நடந்து போறப்போ இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துல ஐடி கார்டு மாதிரி ஒண்ணு மாட்டிக்கிட்டு ஒருத்தர் ரொம்ப மரியாதையா வந்து "இன்னிக்கு பூஜை, மத்தியானம் வரை மூடியிருக்கு"ம்பார். நம்பாதீங்க. எங்க கிட்ட சொன்னவர் மேப்லாம் எடுத்து அதுக்குள்ள நாலு கோயில் பாத்துட்டு வாங்கன்னு வட்டம் போட்டுக் குடுத்தார், அந்த நேரம் பாத்து ஒரு டுக்டுக் வந்து நின்னுச்சு, வெறும் இருபது பாட். ரெண்டாவது நிறுத்தமே ஒரு நகைக்கடை, ஒன்றரை மணி நேரம் வெளிய விடலை, என் ஃப்ரெண்டு ஒருத்தன் நீலக்கல்னு சொல்லி வாங்கின மோதிரத்தை ஊர்ல காட்டினப்போ கண்ணாடின்னுட்டாங்க. அவன் அந்த ட்ரிப் முழுக்க சரியாவே பேசலை, அதான் எனக்கு இன்னிக்கும் வருத்தம். மூடியிருக்கா இல்லையான்னு டிக்கெட் கவுண்டர்ல போய் கேளுங்க, ரோட்ல யார் சொன்னாலும் நிக்காம நடங்க.

அப்பறம் தாய்லாந்து போய்ச் சேர்றதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல போடணும். அதுக்கு காசு கிடையாது, காசு கேக்குற சைட்னா உடனே மூடிடுங்க.

சில்லறை

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், யாரும் கோச்சுக்காதீங்க. அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200, ஆளுக்கு ஆயிரம் பாட், நாலு பேருக்கு நாலாயிரம். ஸ்டூடண்ட் பட்ஜெட்டுக்கு இது சின்ன காசு இல்ல. நாங்க வாட் அருணை உள்ள போகாம இக்கரைல இருந்தே பாத்தோம், ஒரு குறையும் தெரியலை. அதோட அங்க படி ரொம்ப செங்குத்து, முட்டி பிரச்சனை இருக்கறவங்க ஏறவே வேண்டாம்.

ஊர்சுத்தி

படி விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, அவங்க கீழயே நின்னு பாக்கட்டும். ஆனா உள்ள போகாதீங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். தூரத்துல இருந்து பாத்தா அது ஒரு வெள்ளை கோபுரம். கிட்ட போனா தான் தெரியும், கோபுரம் முழுக்க உடைஞ்ச பீங்கான் தட்டு, கிண்ணம், சிப்பி. ஒரு பூவுக்கு நடுவுல டீ கோப்பையோட அடிப்பக்கம், சுத்தி தட்டு ஓட்டைச் செதுக்கி இதழ். கை வெச்ச உசரத்துல இருக்கு, வெயில்ல சூடா இருக்கும். இதுக்கு 200 பாட் தரலாம், வேணும்னா அன்னிக்கு மத்தியானம் கடைல சாப்பிடாம செவன் லெவன்ல முடிச்சுக்கோங்க.

மார்கழி

யாருமே சாவோ சிங் சா பத்தி சொல்லலையே. பெரிய ஊஞ்சல். வாட் சுதாட் கோயிலுக்கு எதிர்ல நடுரோட்ல ரெண்டு சிவப்பு தேக்குக் கம்பம், கிட்டத்தட்ட 70 அடி உயரம், காவ் சான்ல இருந்து நடந்தே போயிடலாம், டிக்கெட்டும் கிடையாது. முன்ன இதுல நிஜமாவே ஊஞ்சல் கட்டி ஆடுவாங்க, வீசி ஆடி மேல கட்டியிருக்கற பண முடிப்பை பல்லால கவ்வணும். விழுந்து செத்தவங்களும் உண்டு, 1930-கள்ல நிறுத்திட்டாங்க.

நமக்கு என்ன விஷயம்னா அந்த சடங்கோட பேரு திரியம்பாவாய். திருவெம்பாவை தான். பக்கத்துலயே 1784ல கட்டின தேவஸ்தான்னு பிராமணர் கோயில் இருக்கு, சிவன், பிள்ளையார், பெருமாள்னு மூணு சன்னதி. ஊஞ்சல் நின்னாலும் பூஜை நிக்கலை, ஏறக்குறைய நம்ம மார்கழி சமயத்துல இன்னிக்கும் நடக்குது, பழைய தமிழ்ப் பாட்டை அவங்க உச்சரிப்புல ஓதறாங்க, நமக்கு கேட்டா சொல் பிடிபடாது. நான் சின்ன வயசுல மார்கழி விடியக்காலைல குளிர்ல நின்னு பாடின பாட்டு எந்தக் கப்பல்ல யார் வாயில ஏறி இவ்ளோ தூரம் வந்துச்சோன்னு அந்த கம்பத்தடில நின்னு நெனச்சேன். பத்து நிமிஷம் போதும், போயிட்டு வாங்கம்மா.

திருச்சிப்பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எக்செல் போட்டவளே படிச்சிட்டு சரின்னுட்டா. இன்னும் ரெண்டு சந்தேகம். சைவச் சாப்பாடு எங்க? வாட் அருண்ல சூரியன் மறையறதைப் பாத்துட்டு ட்ரெயின் பிடிக்க முடியுமா?

ஊர்சுத்தி

முடியாது, அந்த ஆசையை விட்டுடுங்க. ஜனவரில ஆறு மணி தாண்டி தான் இருட்டும், சியாங் மாய் வண்டி இப்ப பழைய ஹுவா லாம்போங் ஸ்டேஷன்ல இருந்து போறது இல்ல, 2023ல இருந்து பேங் சூ பக்கம் இருக்கற க்ருங் தேப் அபிவாட் டெர்மினல். பழைய ப்ளாக் படிச்சிட்டு தப்பா போனவங்க இருக்காங்க. காவ் சான்ல மெட்ரோவும் கிடையாது, சாயங்கால ட்ராஃபிக்ல டாக்ஸி நகராது. இன்னும் புக் பண்ணலைன்னா சனாம் சாய் மெட்ரோ பக்கம் ரூம் எடுங்க, மூணு கோயிலும் கிட்ட, அஞ்சரைக்கு பேக் எடுத்துட்டு நீலக்கோடு மெட்ரோ ஏறினா நேரா பேங் சூ.

தயிர்சாதம்

சைவத்துக்கு 'ஜே'னு கேளுங்க, மஞ்சக் கொடில சிவப்பு எழுத்து போட்ட கடைங்க, அதுல மீன் சாஸ் கூட இருக்காது, பூண்டு வெங்காயமும் இருக்காது. வெறுமனே வெஜிடேரியன்னு சொன்னா மீன் சாஸ் ஊத்திடுவாங்க, அதை அவங்க மாமிசமா கணக்கு வெக்கறது இல்ல. சப்பாத்தி சப்ஜி வேணும்னா சாம் யோட் மெட்ரோ கிட்ட பாஹுராட், பஞ்சாபிக்காரங்க தெரு. சனாம் சாய்ல தங்கினா பக்கத்துலயே பாக் க்லோங் பூ மார்க்கெட் இருக்கு, விடியறதுக்கு முன்னாடி போங்க.

திருச்சிப்பொண்ணு

போயிட்டு வந்துட்டோம்! கேட்ட எடத்துலயே சொல்லணும்ல. சனாம் சாய் பக்கம் தான் தங்கினோம். அஞ்சு மணிக்கு பூ மார்க்கெட், மூட்டை மூட்டையா செவ்வந்தி, ஒரு பாட்டி மல்லி மொட்டை ஊசில கோத்து நுனில ரோஜா தொங்க விட்டுக்கிட்டு இருந்தாங்க, எங்கள்ல ஒருத்தி பின்னல்ல அதை வெச்சுக்கப் போனா, பாட்டி பதறிப் போய் கையைப் பிடிச்சு புத்தர் பக்கம் காட்டினாங்க. சாமிக்கு கட்டினதாம். அதைக் கொண்டு போய் வாட் போல வெச்சோம்.

அரண்மனை, வாட் போ ரெண்டும் முழுசா பாத்தோம். வாட் அருண்ல முட்டி வலிக்காரி கீழ நிழல்ல உக்காந்துட்டா, அவளுக்குத் துணையா நான், மத்த ரெண்டு பேரும் ஏறினாங்க. டீ கோப்பை அடிப்பக்கத்தைக் கண்டுபிடிச்சோம் அண்ணா, நீலப் பூ போட்டது. ஊஞ்சலுக்கு நேரம் பத்தலை, திரும்பி வர்றப்போ ஃப்ளைட்டுக்கு முன்னாடி ஒரு காலைப்பொழுது கிடைச்சது, அப்போ போனோம். மார்கழி அக்கா, தேவஸ்தான் வாசல் பூட்டியிருந்துச்சு, வெளிலயே நின்னு எனக்குத் தெரிஞ்ச முதல் நாலு வரியைப் பாடினேன்.