தொடைக் கட்டி அறுவைக்குப் பின் வைத்த கதிர்வீச்சு: மனத்தைவிட்டு அகலாத ஒரு நாளைச் சொல்லுங்கள்

காவேரிக்கரை எழுதியது:

வலது தொடையின் உட்பக்கம் எலுமிச்சை அளவில் தொடங்கி ஈராண்டில் மாங்காய் அளவுக்கு வளர்ந்ததை வெறும் கொழுப்புக் கட்டி என்று நம்பி, எங்கள் ஊரிலேயே மரப்பு ஊசி போட்டு எடுத்துக்கொண்டவன் நான். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பத் தனியே பணம் ஆகும் என்றபோது நான் தயங்கினேன். என் மனைவிதான் அனுப்பியே ஆக வேண்டும் என்றாள். மிக்சாய்டு லைப்போசார்கோமா, அதாவது கொழுப்புத் திசுவில் வரும் ஒரு வகைப் புற்று என்று முடிவு வந்தது. பிறகு நடந்தவை இங்கிருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான்: எம்.ஆர்.ஐ., பெரிய மருத்துவமனை, வெட்டிய விளிம்பு புற்று நீங்கிச் சுத்தமாக இல்லையென்று பழைய தழும்போடு சேர்த்து அகலமாக இன்னோர் அறுவை, புண் ஆற ஐந்து வாரம், அதன்பின் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 2 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) வீதம் 33 முறை கதிர்வீச்சு.

நான் சொல்ல வந்தது பத்தொன்பதாம் முறை முடிந்த மறுநாள் வந்த தீபாவளியைப் பற்றி. தொடையில் ஊதா மையால் போட்டிருந்த கோடுகள் அழியக் கூடாது, அந்த இடத்தில் எண்ணெய் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் எழுபத்து நான்கு வயது அம்மாவிடம் தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று யார் சொல்வது? மணையில் உட்கார்ந்து, வலது காலை மட்டும் எதிரே ஒரு நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டேன். அம்மா தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். குனிந்தபோது அவர் விரலிலிருந்து ஒரு சொட்டு தொடையில் விழுந்தது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தார். பாதிக் கோடு முந்தானையோடு போய்விட்டது. தோல் அப்போது சுட்ட கத்தரிக்காயின் நிறத்தில் இருந்தது. அம்மா மிச்சமிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இந்தக் கோட்டோடதான் காலை எடுக்கப் போறாங்களா?” என்று கேட்டார்.

ஏறக்குறைய நான்கு வாரமாக, நான் வேட்டி மாற்றும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்து, காலை வெட்டுவதற்குப் போட்ட அளவு என்றே அவர் நினைத்திருக்கிறார். ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. நானும் எதையும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் கதிர்வீச்சு அறையில், தோலில் பச்சை குத்தியிருந்த சிறு புள்ளிகளை வைத்து இரண்டே நிமிடத்தில் கோட்டைச் சரிசெய்துவிட்டார்கள். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.

மூத்த மகள் எழுதியது:

காவேரிக்கரை அண்ணனுக்கு வணக்கம். உங்கள் பதிவைப் படிப்பவர்கள், தொடையில் கொழுப்புப் புற்று வந்தாலே அறுவைக்குப் பின் கரண்ட் வைத்தாக வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். என் அப்பாவுக்கு இருந்ததும் தொடைதான், தசைக்கு அடியில், உங்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது. ஆனால் அது ‘நன்கு முதிர்ந்த’ வகை, அதாவது செல்கள் சாதாரணக் கொழுப்புச் செல்களைப் போலவே இருக்கும் சாதுவான வகை. கை கால்களில் வரும்போது அதை ‘வழக்கத்துக்கு மாறான கொழுப்புக் கட்டி’ என்றே மருத்துவர்கள் குறிக்கிறார்கள். அது நுரையீரலுக்குப் பரவுவதில்லை; அபூர்வமாக, தன் குணம் மாறி முரட்டு வகையாக ஆனால்தான் அந்த அபாயம். எம்.டி.எம்.2 மரபணுச் சோதனை செய்துதான் அதைச் சாதாரணக் கட்டியிலிருந்து பிரித்துச் சொன்னார்கள்.

முதலில் பார்த்த இடத்தில் கதிர்வீச்சுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரண்டாவது கருத்துக்காகப் போன இடத்தில் மருத்துவர் நோயியல் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, முழுமையாக எடுத்தாகிவிட்டது, இதற்குக் கதிர்வீச்சு வேண்டாம், அதனால் கிடைக்கும் நன்மையைவிடப் பின்னால் வரும் தொல்லை அதிகம், ஆண்டுதோறும் வந்து பாருங்கள் என்றார். எனக்குத் தலைமேலிருந்த பாறாங்கல்லை இறக்கியது போல் இருந்தது. ஆனால் திரும்பி வரும் பேருந்தில், கோப்பை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்த அப்பா, விக்கிரவாண்டி தாண்டும்வரை பேசாமல் இருந்துவிட்டு, “காசு இல்லைன்னு நீ உள்ள போய்ச் சொல்லிட்டியாம்மா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வைத்தியம்தான் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஓராண்டு ஆனது. இன்றைக்கும் முழுதாக நம்புகிறார் என்று சொல்ல மாட்டேன்.

பழைய கணக்கர் எழுதியது:

எனக்குத் தொடையின் பின்பக்கம். அறுவைக்கு முன்பே 25 முறை, மொத்தம் 50 கிரே வைத்துவிட்டு, ஐந்து வாரம் கழித்து வெட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் தையல் விட்டுப்போனது. தங்கை மகள் திருமணத்தில் பந்தியிலிருந்து எழுந்தபோது நான் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாக இருந்ததை எதிர் வரிசைக்காரர் பார்த்துவிட்டு, இலையை மூடாமலேயே எழுந்து போனார். புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. என் கதை அவ்வளவே.

மேலே எழுதியவர்கள் விட்டுவிட்டதைச் சொல்ல வேண்டும். கதிரை அறுவைக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதைக் கனடாவில் 190 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். முன்னால் வைத்தவர்களில் 35 விழுக்காட்டினருக்குப் புண் தொல்லை. பின்னால் வைத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கு. இதைப் பார்த்துவிட்டுப் பின்னால் வைப்பதே மேல் என்று முடிவுகட்டக் கூடாது. முன்னால் வைத்தால் 50 கிரே போதும். பின்னால் என்றால் 66 வரை போக வேண்டும், கத்தி பட்ட இடம் முழுவதும், வடிகுழாய் வைத்த ஓட்டை உட்பட, கதிருக்குள் வர வேண்டும். ஆகவே தசை இறுகுவதும், கால் வீங்குவதும், மூட்டு மடங்காமல் போவதும் பின்னால் வைத்தவர்களுக்கே அதிகம். புண் என்றைக்காவது ஆறும். இறுகிய தசை இளகாது. காவேரிக்கரையைப் போல முதலில் தெரியாமல் எடுத்துவிட்டவர்களுக்கு இந்தத் தேர்வே கைநழுவிப் போகலாம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் கட்டியையும், தசைக்கு அடியில் இருக்கும் கட்டியையும் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் கத்தி வைக்க விடக் கூடாது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அதுதான்.

மகளுக்கு ஒரு சொல். உங்கள் அப்பா விஷயத்தில் அந்த மருத்துவர் செய்தது சரியே. ஆயினும் ஐந்தாண்டு முடிந்தது என்று பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். அந்த வகை பத்தாண்டு கழித்தும் அதே இடத்தில் திரும்ப வரக்கூடியது.

இனி இப்போது கதிர்வீச்சு எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு: மஞ்சள், சந்தனம், தேங்காயெண்ணெய், பவுடர் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள். அந்த இடத்தில் சவரக் கத்தி படக் கூடாது. இறுக்கமான காற்சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பருத்தி வேட்டி கட்டுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குப் புண் எளிதில் ஆறாது. அதை நிறுத்தாமல் மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை முதல் வாரத்திலிருந்தே தொடங்குங்கள், முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூட்டு உங்களுக்காகக் காத்திருக்காது. வீக்கம் தெரிந்தால் உடனே அழுத்தக் காலுறை கேட்டு வாங்குங்கள். மிக்சாய்டு வகைக்காரர்கள் நெஞ்சுப் படத்தோடு நிற்காமல் முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேளுங்கள். அது நுரையீரலை விட்டுவிட்டு முதுகெலும்பிலும் மற்றக் கொழுப்பு இடங்களிலும் போய் உட்காரும் பழக்கம் உடையது.

காவேரிக்கரையின் தாயார் பயந்ததில் தவறில்லை. ஒரு காலத்தில் இதற்கு வைத்தியமே காலை எடுப்பதுதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 43 பேரை எடுத்துக்கொண்டு, 16 பேருக்கு உறுப்பை நீக்கியும், 27 பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தும் பார்த்து 1982-இல் வெளியிட்டார்கள். 27 பேரில் நால்வருக்கு அதே இடத்தில் திரும்ப வந்தது. ஆனால் உயிர் பிழைத்திருந்த கணக்கில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. நம் கால்கள் இருப்பது அவர்களால்தான்.

குடத்தடி எழுதியது:

எனக்கு வயது அறுபத்தொன்று. கட்டி தொடையெலும்பை ஒட்டி இருந்ததால் எலும்பின் மேலுறையையும் சேர்த்துச் சுரண்டி எடுத்து, பிறகு 66 கிரே வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ஒரு காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தேன். தூக்கக்கூட இல்லை, குனிந்தேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது போல ஓர் ஓசை கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் மரத்தைத்தான் நிமிர்ந்து பார்த்தாள். நான் கீழே கிடந்தேன்.

புற்று திரும்பிவிட்டதோ என்றுதான் முதலில் தேடினார்கள், இல்லை. கதிர் பட்ட எலும்பு வலுவிழந்திருக்கிறது என்றார்கள். கம்பி வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் கூடவில்லை. இப்படி ஆகலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருப்பார்கள், கையெழுத்து வாங்கிய தாளில் இருந்திருக்கும். அன்றைக்கு இருந்த நிலையில் எதைத்தான் படித்தேன்.

பழைய கணக்கர் எழுதியது:

அம்மா, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் தொடர்ந்து எடுத்துக்கொண்டீர்களா? எலும்பு அடர்த்திச் சோதனை எப்போது செய்தீர்கள்?

மூத்த மகள் எழுதியது:

கணக்கர் ஐயா, அந்த அம்மா உங்களிடம் ஆலோசனை கேட்கவில்லை. மேலுறையைச் சுரண்டி, அதன்மேல் அவ்வளவு கதிரும் விழுந்த பெண்ணின் தொடையெலும்புக்கு அந்த அபாயம் இருந்தே தீரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்டால், உடைந்ததற்கு அவரே பொறுப்பு என்று சொல்வதாக ஆகிவிடாதா?

கதிரறை ஊழியர் எழுதியது:

இயந்திரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் எழுதலாம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் எல்லோரும் ‘கரண்ட் வைப்பது’ என்றே சொல்கிறீர்கள். நாங்களும் வாய் தவறி அப்படியே சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லால் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் எங்களிடம் கோபால்ட் இயந்திரம் இருந்தது. அதன் மூலப்பொருளின் கதிர்வீச்சு ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். தேயத் தேய, அதே அளவைக் கொடுக்க நோயாளியை இன்னும் கூடுதல் நேரம் படுக்க வைக்க வேண்டும். கெண்டைக்கால் கட்டிக்கு அறுவை முடிந்து வந்த ஓர் இளம்பெண், முப்பதாவது முறையன்று மேசையிலிருந்து இறங்கியதும், “சார், நேத்திவிட இன்னிக்கு நேரம் கூட ஆச்சே, உடம்புல கரண்ட் கூட ஏறியிருக்குமா? புள்ளையத் தொட இன்னும் எத்தன நாள் ஆகும்?” என்று கேட்டார். விசாரித்தால், ஆறு வாரமாக அவர் திண்ணையில் தனியாகப் படுத்திருக்கிறார். தட்டு தனி, குவளை தனி. மூன்று வயதுக் குழந்தையைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்தே பேசியிருக்கிறார். உடம்பில் ஏறிய கரண்ட் குழந்தைக்குப் பாயும் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வைக்கும் கதிர், இயந்திரத்தை நிறுத்திய நொடியோடு முடிந்துவிடும். உடம்பில் எதுவும் தங்காது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நாளொன்றுக்கு எண்பது பேரைப் படுக்க வைத்து எழுப்பிய நாங்கள் ஐவரும், முப்பது நாளில் ஒரு நாள்கூட அந்த அரை நிமிடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. கோடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். காலைச் சுற்றி முழுவட்டமாகக் கதிர் விழாதபடி, நிணநீர் மேலேறிச் செல்ல ஒரு பட்டையை விட்டுவைக்க வேண்டும் என்பதில் அத்தனை கவனமாக இருந்தோம்.

அன்றைக்கு இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார். மிச்சமிருந்த மூன்று நாளும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தார்.

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் ஐயா எழுதிய 1982-ஆம் ஆண்டுச் செய்தியை நேற்றிரவு அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். 43 பேர், 16 பேருக்கு உறுப்பை எடுத்தார்கள், 27 பேருக்குக் கட்டியை மட்டும் என்று சொன்னதும், “அந்தப் பதினாறு பேரை யாருடா பொறுக்குனது?” என்று கேட்டார். யாரும் பொறுக்கவில்லை, சீட்டுப் போட்டுப் பார்ப்பது போலத்தான் பிரித்திருப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வேட்டியை ஒதுக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்தார். கோடு போய் மூன்று ஆண்டாகிறது. அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை, தோல் மட்டும் கறுத்துக் கெட்டியாக இருக்கிறது. சுண்டு விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, தோசைக்கு ஊறப்போட்ட அரிசியைப் பார்க்கப் போய்விட்டார்.

குடத்தடி அம்மாவின் பதிவைப் படித்ததிலிருந்து நான் தண்ணீர்க் கேனைத் தூக்குவதில்லை. முழங்கால் பயிற்சியை நான் முதல் வாரத்தில் தொடங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; இப்போதும் மணையிலிருந்து எழுந்திருக்க இடது கையால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.