அழகான உணவகங்களில் சாப்பாடு ஏன் சுமாராகவே இருக்கிறது?

பொங்கோல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். என் மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்காக, இங்கே சிங்கப்பூரில் பழைய கடைவீடு (கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட கட்டடம்) ஒன்றைப் புதுப்பித்துத் திறந்திருக்கும் ஓர் இந்திய உணவகத்துக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, கூரையிலிருந்து தொங்கும் பித்தளை விளக்குகள், கழிவறைக் கண்ணாடிக்குக்கூடச் செதுக்கிய தேக்குச் சட்டம் என எல்லாம் பார்க்கப் பிரமாதமாக இருந்தன. ஆனால் மீன் குழம்பில் புளி பச்சையாகவே நின்றது, கோழி வறுவல் நடுவில் ஆறிப்போயிருந்தது, கறுப்புக் கற்பலகையில் வந்த தோசைக்குச் சட்னி மூன்று சொட்டுத்தான். “படம் எடுத்தாச்சுல்ல, வீட்டுக்குப் போய் ரசம் வச்சுக்கலாம்” என்று மாமியார் சொல்லிவிட்டார். இது எங்கள் துரதிர்ஷ்டமா, அல்லது இத்தகைய இடங்கள் பெரும்பாலும் இப்படித்தானா? முன்பதிவு செய்வதற்கு முன்பே கண்டுகொள்ள வழி உண்டா?

பின்கட்டுச் சமையல்:
உணவகத் தொழிலில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே கடை வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் போடப்படுகிறது. அதற்குப் பிறகு வாடகை எவ்வளவு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, திறந்த முதல் சில மாதங்களிலேயே கூட்டத்தை இழுத்தாக வேண்டிய நெருக்கடியில் இருக்கும் முதலாளி, கைப்பேசிப் படத்தில் தெரியக்கூடியவற்றுக்குத்தான் முதலில் பணத்தை ஒதுக்குகிறார். குழம்பின் பக்குவம் படத்தில் தெரியாது, விளக்கு தெரியும்.

கடைவீட்டுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகிய வட்டாரங்கள் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டதால், அங்குள்ள கட்டடங்களை நினைத்தபடி இடித்துக் கட்டிவிட முடியாது. முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் இருக்கும் அந்த அமைப்பில், கூடுதலாக நான்கு மேசை போட வேண்டும் என்றால் சுருங்குவது சமையலறைதான். புகைபோக்கிக்கு இடம் போதாத சமையலறையில் தாளிப்பதும் வறுப்பதும் குறைந்து, வேறிடத்தில் உள்ள மையச் சமையற்கூடத்திலிருந்து பைகளில் வரும் குழம்பைச் சூடேற்றிப் பரிமாறும் வழக்கம் வந்துவிடுகிறது. நீங்கள் சாப்பிட்ட வறுவலும் அப்படி வந்ததாக இருக்கலாம். மையச் சமையற்கூடமே தவறு என்று சொல்ல மாட்டேன். மாவும் மசாலாவும் அங்கிருந்து வந்தால் தரம் ஒரே சீராக இருக்கும். வறுவல் மட்டும் பயணத்தைத் தாங்காது.

ஈசூன் பெரியவர்:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். இருந்தாலும், அலங்காரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகப் படவில்லை. சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிச்சலின் கையேடு 2016இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, பெரானாக்கான் (சீன, மலாய் மரபுகள் கலந்த) சமையலுக்காக கேண்டில்நட் உணவகமும், சைனாடவுன் காம்ப்ளெக்சில் இருந்த சோயாக் கோழிச் சோற்றுக் கடையும் ஆளுக்கொரு நட்சத்திரம் பெற்றன. ஒன்று அழகாக அமைந்த உணவகம், மற்றொன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்ட உணவங்காடிக் கடை. அந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டுமே தரப்படுவது, சுவரை அது பார்ப்பதில்லை. எனவே அழகும் சுவையும் ஒரே இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அத்துடன், எழுபது வயதுப் பெண்மணியை நண்பகல் வெயிலில் தேக்கா உணவங்காடியில் இடம் பிடிக்க நிற்க வைக்கவும் முடியாதல்லவா? குளிர்ச்சி, வசதியான இருக்கை, நிதானமாகப் பேச இடம் ஆகியவற்றுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

சிராங்கூன் சாலைக்காரி:
முன்கூட்டியே கண்டுகொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள், அக்கா. விமர்சனப் பக்கங்களில் வாடிக்கையாளர்கள் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். பத்தில் எட்டுப் படம் சுவரும் படிக்கட்டும் என்றால், அங்கே சாப்பிட்டவர்களுக்கு நினைவில் நின்றதும் அவைதாம். உணவுப் பட்டியலில் செட்டிநாடு, பஞ்சாபி, தாய்லாந்து, இத்தாலியம் எல்லாம் கலந்து நீண்டால் நான் முன்பதிவு செய்வதில்லை. வேலைநாள் மதியத்தில் அக்கம்பக்கத்து அலுவலகக்காரர்கள் அங்கே வருகிறார்களா என்பதையும் பாருங்கள். அவர்கள் விளக்கைப் பார்க்க வருபவர்கள் அல்லர்.

பொங்கோல்வாசி:
அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒரு கேள்வி. பட்டியலில் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றிருந்தது ரசீதில் 119.90 வெள்ளியாக வந்தது. கோழி ஆறிப்போயிருந்ததற்காகச் சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமா?

பின்கட்டுச் சமையல்:
கேட்கலாம், ஆனால் அவர்கள் கட்டாயம் நீக்க வேண்டும் என்பதில்லை. சேவைக் கட்டணமான 10 விழுக்காடு உணவகம் தானாக விதிப்பது, அரசாங்கத்தின் வரி அன்று. அதையும் சேர்த்த 110 வெள்ளிக்குத்தான் 9 விழுக்காடு பொருள் சேவை வரி போடுகிறார்கள். ரசீது வந்த பிறகு வாதாடுவதைவிட, முதல் வாய் வைத்ததுமே மேலாளரை அழைத்து வறுவலைத் திருப்பி அனுப்புங்கள். பெரும்பாலான இடங்களில் மாற்றித் தருவார்கள் அல்லது அந்த ஓர் உணவை ரசீதிலிருந்து எடுத்துவிடுவார்கள்.