கறுப்புக் கோடும் பாட்டியின் நரைமுடியும்: காம்பாசிட்டிங் பழகியபோது சூடுபட்ட கதைகள்

முதலில் என் கதை. அடுத்து உங்களுடையதை எழுதுங்கள்.

காம்பாசிட்டிங், அதாவது தனித்தனிப் படங்களை அடுக்கி ஒரே காட்சியாக்கும் வேலை, பழகத் தொடங்கி ஐந்தாறு மாதம் ஆகியிருந்த நேரம். மாடலிங்கும் லைட்டிங்கும் ஓரளவு கைவந்திருந்ததால், தனித்தனியாக ரெண்டர் எடுத்த (3டி காட்சியைக் கணினி கணக்கிட்டுப் படமாக்குவதுதான் ரெண்டர்) இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதில் என்ன பெரிய வித்தை என்ற மிதப்பு இருந்தது. கையில் நான்கு விநாடி ஷாட். விநாடிக்கு 24 வீதம் 96 ஃபிரேம். குன்றின் மேல் ஒரு பாட்டி நிற்கிறாள், பின்னால் வெளிறிய காலை வானம். முடி முழுக்க வெள்ளை. காற்றில் இழை இழையாகப் பறக்கிறது.

பாட்டியை வானத்தின் மேல் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முடி இழையைச் சுற்றியும் பென்சிலால் வரைந்தது போல ஒரு கறுப்புக் கோடு. வெள்ளை முடிக்கும் வெள்ளை வானத்துக்கும் நடுவே கறுப்பு எங்கிருந்து வந்தது?

லைட்டிங்தான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். பின்பக்கம் இன்னொரு விளக்கை வைத்து, பிக்சலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்ற சாம்பிளையும் நாலு மடங்காக்கி மறுபடி ரெண்டருக்குப் போட்டேன். ஒரு ஃபிரேமுக்கு 11 நிமிடம். 96 ஃபிரேமுக்கு ஏறக்குறைய பதினேழரை மணி நேரம். மறுநாள் மாலை திறந்து பார்த்தால், கோடு முன்னைவிடத் தெளிவாக இருந்தது! அப்புறம் மேட்டை, அதாவது பாட்டியை வெட்டி எடுக்கும் கறுப்பு வெள்ளை முகமூடியை, ஒரு பிக்சல் சுருக்கிப் பார்த்தேன். கோடு போனது, கூடவே மெல்லிய முடியெல்லாம் போனது. பாட்டி தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டியது போல நின்றாள்.

கடைசியில் தெரிந்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "ஆல்ஃபாவைப் பார்த்தாயா?" என்றார். ஒவ்வொரு பிக்சலையும் பொருள் எவ்வளவு மூடுகிறது என்று சொல்லும் எண்தான் ஆல்ஃபா. நியூக் என்ற காம்பாசிட்டிங் மென்பொருளின் வ்யூவரில் ஏ விசையை அழுத்தினால் ஆல்ஃபா தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆல்ஃபா சுத்தமாக இருந்தது. அடுத்து நோடுகளை (படத்தில் ஆளுக்கொரு வேலை செய்யும் பெட்டிகள்) ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கும் ப்ரீமல்ட் நோடில் நின்றார். "இதை ஏன் போட்டாய்?" ஏதோ பயிற்சி வீடியோவில், படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் மெர்ஜுக்கு முன்னால் ப்ரீமல்ட் போடச் சொன்னார்கள், போட்டேன் என்றேன். அவர் அதை அணைத்தார். கோடு மறைந்தது. இரண்டு விநாடி வேலை.

ரெண்டரரிலிருந்து வரும் ஈஎக்ஸ்ஆர் (ரெண்டர் படங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) படத்தில் நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டுத்தான் இருக்கும். பாதி முடி, பாதி வானம் உள்ள ஒரு பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். முடியின் நிறம் 0.8, ஆல்ஃபா 0.5 என்றால் கோப்பில் இருப்பது 0.4. வானமும் 0.8 என்றால், ஓவர் செய்யும்போது, அதாவது வானத்தின் மேல் வைக்கும்போது, மூடாத மீதிப் பாதிக்கு வானத்தின் பங்கு 0.8 × 0.5 = 0.4 வந்து சேரும், மொத்தம் 0.8, கோடே தெரியாது. நான் இன்னொரு முறை பெருக்கியதால் 0.4 என்பது 0.2 ஆகி, மொத்தம் 0.6 ஆகிவிட்டது. அந்தக் குறைந்த 0.2தான் கறுப்புக் கோடு. முழுதாக மூடிய பிக்சலில் 1 ஆல் பெருக்கினால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் முகத்தில் எதுவும் தெரியாமல் விளிம்பில் மட்டும் தெரிந்தது. கணினி வரைகலை ஆய்வாளர்களான போர்ட்டரும் டஃப்பும் 1984இலேயே கட்டுரை எழுதித் தீர்த்து வைத்த கணக்கு இது. அதற்கு நான் பதினேழரை மணி நேரம் மின்சாரம் எரித்தேன்.

பிறகு இன்னொரு பக்கம் சாய்ந்தேன். எதைத் தொட்டாலும் அன்ப்ரீமல்ட் (ஆல்ஃபாவால் வகுப்பது), கிரேடு (நிறத்தைத் திருத்துவது), ப்ரீமல்ட் என்று மந்திரம் போல. வெறும் பெருக்கல் மட்டும் செய்யும் கிரேடுக்கு அது தேவையே இல்லை, காமாவோ (நடு வெளிச்சத்தை வளைப்பது) ஆஃப்செட்டோ (மொத்தமாக ஓர் எண்ணைக் கூட்டுவது) தொட்டால்தான் தேவை என்று புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. பிளர் அடிக்கும்போது அன்ப்ரீமல்ட் செய்தால் அது வேறு கூத்து.

* * *

உங்களுக்குக் கறுப்புக் கோடு, எனக்கு முழுப் படமும் வெள்ளை.

நான் ஓவியத்திலிருந்து வந்தவன். லேயர் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துத்தான் இறங்கினேன். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு விளக்குக் காட்சிக்குப் பாஸ்களை, அதாவது ஒளியின் ஒவ்வொரு பங்கையும் தனித்தனிப் படமாக, பிரித்து எடுத்து, எல்லாவற்றையும் 8 பிட் பிஎன்ஜியாகச் சேமித்து, கூட்டிப் பார்த்தேன். கூட்டினால் பியூட்டி, அதாவது முழுமையான படம், வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வந்தது வெந்துபோன ஒரு வெள்ளைப் படம்.

இதில் இரண்டு தப்பு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அதனால்தான் ஒரு மாதம் ஓடியது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மறைத்துக்கொள்ளும்.

முதல் தப்பு, பிஎன்ஜியில் திரைக்கான வளைவு ஏறிவிடுகிறது. திரையில் 128 என்று தெரியும் சாம்பல் உண்மையான ஒளி அளவில் பாதி இல்லை, சுமார் 0.22தான். அதே அளவு ஒளியை இன்னொரு விளக்கும் தந்தால் திரையில் சுமார் 175 வர வேண்டும். நான் 128ஐயும் 128ஐயும் கூட்டி நேராக வெள்ளைக்குப் போய்விட்டேன். ஒளி கூட்டலுக்குக் கட்டுப்படும், திரைக்காக வளைத்த எண் கட்டுப்படாது.

இரண்டாவது தப்பு என் சோம்பேறித்தனம். பிளெண்டரின் ரெண்டரரான சைக்கிள்ஸில் டிஃப்யூஸ் டைரக்ட் (விளக்கிலிருந்து நேராக வரும் ஒளி), டிஃப்யூஸ் இன்டைரக்ட் (பட்டுத் திரும்பி வரும் ஒளி) இரண்டையும் கூட்டி, அந்தத் தொகையை டிஃப்யூஸ் கலரால் (பொருளின் நிறம்) பெருக்க வேண்டும். நான் மூன்றையும் கூட்டினேன். பெயரைப் பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி போலத்தானே இருக்கிறது!

இப்போது எந்த ஷாட்டிலும் முதல் வேலை இதுதான்: பாஸ்களைச் சேர்த்துக் கட்டிய படத்தைப் பியூட்டியிலிருந்து கழித்துவிட்டு, வ்யூவரின் எக்ஸ்போஷரை நன்றாக ஏற்றிப் பார்ப்பேன். கும்மிருட்டாக இருந்தால் கட்டு சரி. ஏதாவது மினுங்கினால் எந்தப் பாஸ் விட்டுப்போயிற்று என்று அந்த வடிவமே சொல்லிவிடும். கண்ணாடிக் குவளை மட்டும் மினுங்கினால், ஊடுருவி வரும் ஒளிக்கான டிரான்ஸ்மிஷன் பாஸ்.

ஈஎக்ஸ்ஆருக்கு மாறியபின் இன்னொரு லாபம். ஐஎல்எம் என்ற திரைப்பட விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் 2003இல் இந்த வடிவத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டபோது அதன் உயிர்நாடியே 1க்கு (திரையின் முழு வெள்ளை) மேற்பட்ட எண்களையும் வெட்டாமல் வைத்திருப்பதுதான். விளக்கின் இழை 30 என்று இருந்தால் 30 என்றே இருக்கும். டிஃபோக்கஸ் (லென்ஸ் போல மங்கலாக்குவது) போடும்போது அது பளிச்சென்ற வட்டமாக விரியும். பிஎன்ஜியில் 1க்கு வெட்டுப்பட்ட இழை, சாம்பல் கறையாகத்தான் பரவும். என் பழைய வேலைகளில் விளக்குகள் ஏன் அழுக்காக இருந்தன என்று அன்றுதான் புரிந்தது.

* * *

ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து எத்தனை தூரம் என்று சொல்லும் டெப்த் பாஸை நம்பிக் கெட்டவன் நான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முன்னால் 5 மீட்டரில் மரம், பின்னால் 500 மீட்டரில் மலை. டெப்த் பாஸை மற்றப் பாஸ்களைப் போலவே விளிம்பு மழுங்க வைத்து எடுத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கிறதே என்று. இலையின் ஓரத்தில் பாதி மரம் பாதி மலை உள்ள பிக்சலில் சராசரி சுமார் 250 மீட்டர் என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது, வெறும் காற்று. டிஃபோக்கஸ் நோடு அந்தக் காற்றுக்கு உரிய அளவில் மங்கலாக்கிவிட, மரம் முழுக்க ஜிகினா ஒட்டியது போல ஆகிவிட்டது. மழுங்காத டெப்த் எடுத்தால் ஜிகினா போய் விளிம்பில் படிக்கட்டு வந்தது. முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் தனித்தனி லேயராக ரெண்டர் எடுத்த பிறகுதான் நிம்மதி.

* * *

மேட் கதை என்னுடையது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு தெருக் காட்சி. எல்லாப் பொருளுக்கும் தனி மேட் தானாகக் கிடைக்குமே என்று கிரிப்டோமேட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். காம்பாசிட்டிங்கில் திறந்து ஒரு சன்னலைக் கிளிக் செய்தால் மேட் ஒழுங்காக வரவில்லை, எங்கெங்கோ புள்ளி புள்ளியாக. மூன்று நாள் நோடைத் திட்டினேன். விஷயம் என்னவென்றால், கிரிப்டோமேட் ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஒரு எண்ணாக மாற்றி 32 பிட்டில் எழுதுகிறது. நான் இடம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் 16 பிட்டில் சேமித்திருந்தேன். நிறத்துக்கு 16 பிட் தாராளம். ஆனால் இது நிறமே இல்லை, அடையாள எண்; ஓர் இலக்கம் உருண்டாலும் வேறு ஆளாகிவிடும்.

சரி, மறுபடி ரெண்டர் எடுத்துத் திறந்தேன். மேட் எல்லாம் கச்சிதம். ஆனால் பட்டியலில் இருந்த பெயர்கள்: கியூப்.001, கியூப்.002... கியூப்.214 வரை. எது சன்னல், எது குப்பைத்தொட்டி? ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து கண்டுபிடித்தேன். பாதி வேலையில், ஒழுங்காகப் பெயர் வைப்போம் என்று சீனில் மாற்றி இன்னொரு முறை ரெண்டர் எடுத்தேன். பெயர் மாறியதால் எண்ணும் மாறி, அதுவரை தேர்ந்தெடுத்து வைத்திருந்த மேட் அத்தனையும் காலி.

* * *

மேலே உள்ளவருக்கு: 214 கியூப் என்பதெல்லாம் ஒன்றுமில்லை. என் காட்டில் மரங்களின் பெயர் "புதுசு", "புதுசு_கடைசி", "புதுசு_கடைசி_நிஜமாகவே".

நானும் ஒன்று சேர்க்கிறேன். கேமராவில் எடுத்த காட்சிக்குள் ஒரு ரோபோவை வைத்தேன். வெளிச்சத்தின் திசை, நிழல், எல்லாம் பொருந்தியும் ஒட்டவில்லை, மேலே மிதந்தது. வ்யூவரில் காமாவை ஏற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. காட்சியில் இருந்த அடர்ந்த நிழல்கூட முழுக் கறுப்பு இல்லை. லென்ஸும் காற்றும் அதில் கொஞ்சம் நீலத்தைக் கலந்திருந்தன. என் ரோபோவின் காலடியில் மட்டும் பூஜ்யம். கறுப்பைக் கொஞ்சம் தூக்கி அந்த நீலத்தைச் சேர்த்ததும் பாதி ஒட்டிவிட்டது. மீதி கிரெயினில், அதாவது படத்தில் நெளியும் பொடிப் புள்ளிகளில். மூன்று சேனலுக்கும் ஒரே அளவு கிரெயின் போட்டிருந்தேன். காட்சியில் நீலச் சேனல்தான் அதிகம் கொதித்துக்கொண்டிருந்தது. சேனல் சேனலாகப் பார்த்து அளவை மாற்றியதும் ரோபோ தரைக்கு வந்தது. ஒட்டாததை மறைக்க அதுவரை போட்டிருந்த குளோவை (ஒளிப் பரவலை) எல்லாம் எடுத்துவிட்டேன்.

* * *

பாட்டிக்காரன் மறுபடி வந்திருக்கிறேன். டெப்த் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் பழைய ஷாட்டைத் திறந்தேன். கறுப்புக் கோடு போன மகிழ்ச்சியில் அப்போது கவனிக்கவில்லை. பாட்டியின் காதோரம் ஜிகினா இருக்கிறது. பறக்கும் முடிக்கும் வானத்துக்கும் நடுவே அதே இல்லாத காற்று. இந்த முறை டெப்த்தையும் பாட்டிக்கும் வானத்துக்கும் தனித்தனியாக எடுக்க ரெண்டருக்குப் போட்டிருக்கிறேன். 96 அல்ல, ஒரே ஒரு ஃபிரேம்.