பனகல் பூங்காவுக்கு முன்னால் அங்கே ஏரி இருந்தது

அன்புள்ள மாம்பலத்து உறவுகளுக்கு,

வணக்கம். மெட்ரோ வேலைக்காகச் சென்னை தியாகராய நகர் (தி.நகர்) பனகல் பூங்காவில் மரங்களை வெட்டியதைப் பற்றிப் பலர் வருந்தி எழுதியிருந்தீர்கள். எனக்கும் மனசு ஆறவில்லை. ஆனால் அந்தப் பூங்கா வருவதற்காகப் போன ஏரியைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லையே என்ற கவலை அதைவிடப் பெரிது.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். அதன் மேற்குக் கரையில்தான் நம் மாம்பலம், பயிர்த்தொழில் செய்த கிராமம். நம் பக்கத்து ஏரிகளின் முறை உங்களுக்குத் தெரியும்: ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும், மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும், மிஞ்சியது கலங்கல் வழியாக வெளியேறும். கோடையில் வற்றியதும் வண்டலை வெட்டி வண்டி வண்டியாக நிலத்தில் கொட்டுவார்கள்.

1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. பட்டணத்தில் குடியிருக்க இடம் போதவில்லை என்று, 1923 வாக்கில் ஏரியைத் தூர்த்து மனை போட ஆரம்பித்தார்கள். அப்போது நீதிக்கட்சி ஆட்சி. பூங்காவுக்கு முதலமைச்சர் பனகல் அரசர் பெயர், நகருக்கு அக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான, 1925-இல் மறைந்த தியாகராயர் பெயர், இன்னொரு பூங்காவுக்கு அவரோடு சேர்ந்து கட்சி தொடங்கிய நடேசனார் பெயர். மூவருக்கும் அந்த மரியாதை தகும். அந்த ஏரித் தண்ணீரை நம்பி நாற்று நட்டவர்களின் பெயரைத்தான் எந்தப் பலகையிலும் காணோம். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்து டேங்க் பண்ட் ரோடு என்று ஏரியின் நினைவாவது தெருப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் பழைய ஏரி நிலத்தில்தான்.

2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் வடியாமல் நின்றதே, மாம்பலம் கால்வாய் அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று எல்லோரும் பேசினோம். சரி, அது காரணம்தான். ஆனால் நாம் வீடு கட்டியிருப்பது ஏரிப் படுகையில் என்பதை யாரும் பேசவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். மெட்ரோ வேலை முடிந்து பூங்காவைச் சீரமைக்கும்போது, ஏரி இருந்த எல்லையைக் காட்டும் வரைபடப் பலகை ஒன்றை உள்ளே வைக்கும்படி நம் சங்கம் மாநகராட்சியிடம் மனு கொடுக்க வேண்டும். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் நான்கெல்லை எழுதிய பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். எங்கள் தாத்தா வீட்டுப் பத்திரத்தில் 'கிழக்கே ஏரிக்கரை' என்றே இருக்கிறது. அப்புறம், ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் அவர்களுடைய அப்பா, அம்மா சொன்னதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மனுவை நான் எழுதுகிறேன், திருத்திக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும்.

அன்புடன்,
துரைசாமி ரோட்டுக்காரன்